ஐம்பது நிமிடத் தோடிக்கு என்ன விலை?

கர்நாடக இசைக் கச்சேரிகளைப் பதிவு செய்து, தரவிறக்கிக்கொள்ளும் கோப்புகளாக இணையத்தில் விற்கும் சிறிய கடை ஒன்றை நண்பர் ஒருவரோடு சேர்ந்து மயிலாப்பூரிலிருந்து நடத்தி வருகிறேன். கடை என்றாலும் கட்டடத்துக்கு வாடகை இல்லை, சர்வருக்குத்தான் வாடகை. இதைச் சொன்னவுடன் கேட்பவர்கள் அநேகமாகத் திருட்டுப் பிரதியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். உண்மையில் அது எங்களை அவ்வளவாகப் படுத்தியதில்லை. சபாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சட்டைப் பையில் செல்பேசியை ஓடவிட்டுப் பதிவு செய்யும் மாமாக்கள் என்றும் இருப்பார்கள். எங்களிடம் காசு கொடுத்து வாங்குகிறவர்களிலும் அவர்கள் பலர் உண்டு. என்னைப் பல வருடங்களாக அரித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். ஒரு கச்சேரியை எந்த அளவில் வெட்டி விற்பது, வெட்டிய துண்டுக்கு எதை வைத்து விலை போடுவது, அந்த விலையில் மேடையில் உட்கார்ந்திருந்த யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும்? கணக்குப்பிள்ளைகளின் கவலை போலத் தோன்றும் இந்தக் கேள்விதான், பதிவு செய்யப்பட்ட இசை எந்த உருவத்தில் நம் காதுக்கு வருகிறது என்பதையே தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இணையத்தில் பாட்டு விற்பவர்களுக்கு அலகை வகுத்துக் கொடுத்தது ஆப்பிள் நிறுவனம். 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது, எந்தப் பாட்டாக இருந்தாலும் 99 சென்ட் என்று விலை வைத்தார்கள். நாலு நிமிடப் பாட்டுகளின் உலகத்தில் அதில் குறை காண எதுவும் இல்லை. நீளமான பாட்டுகளில் பலவற்றை முழு ஆல்பமாக வாங்கினால்தான் தருவோம் என்றும் அங்கே இருந்தது. ஆக, நீளத்தைப் பற்றி அவர்களும் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் இன்னும் நுணுக்கமாக யோசித்திருந்தது. பாட்டை எழுதி இசையமைத்தவருக்குச் சேர வேண்டிய தொகை, 2006 முதல் 2022 வரை, ஐந்து நிமிடம் வரையிலான பாட்டுக்கு 9.1 சென்ட் என்றும், அதைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட் என்றும் இருந்தது. நிமிடத்தை எண்ணிக் காசு கொடுக்கும் இந்த முறை, வாங்குகிறவர் பார்க்கும் விலையில் மட்டும் இடம்பெறவே இல்லை.

எங்கள் சரக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் தொடக்கத்தில் வரும் வர்ணம் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். பாடகரின் ஆலாபனை, வயலின்காரரின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று, மெயின் எனப்படும் முக்கிய உருப்படி ஐம்பது நிமிடத்தைச் சுலபமாக எட்டும். ராகம் தானம் பல்லவி இருந்தால் அதற்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்கள் மூன்று, நான்கு நிமிடம். உருப்படிக்கு 99 சென்ட் என்று நாங்கள் தொடக்கத்தில் விலை போட்டபோது, தோடி ராகத்தில் பாடிய ஐம்பது நிமிட மெயினும் மூன்று நிமிடத் திருப்புகழும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வாங்குகிறவர்கள் மெயினையும் ராகம் தானம் பல்லவியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கச்சேரியின் பெரும்பகுதியை இரண்டு டாலருக்கு வாங்கிப் போனார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் 320 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி என்று கணக்கிட்டால் அந்தத் தோடி மட்டும் 120 எம்பி. பாதியில் இணைப்பு அறுந்து, மறுபடி லிங்க் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் அந்த 99 சென்ட் தோடிக்காகத்தான் வரும்; திருப்புகழை வாங்கியவர் ஒரு நாளும் எழுதியதில்லை.

அந்தந்தக் காலத்து ஊடகம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குச் சங்கீதம் தன்னைச் சுருக்கியும் விரித்தும் வந்திருக்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் கொள்ளும் என்பதால், பெரிய வித்வான்கள் ராகத்தின் சாரத்தை அதற்குள் பிழிந்து கொடுத்தார்கள். எல்பி வந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், குறுந்தகட்டில் 74 முதல் 80 நிமிடம். கோப்புக்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. முழுக் கச்சேரியை, சுருதி சேர்ப்பதிலிருந்து மங்களம் வரை, ஒரே வீச்சில் கொடுக்கும் வசதி முதன்முதலாக இப்போதுதான் வந்தது. அந்த நேரம் பார்த்து, தகட்டின் விளிம்பு செய்த வேலையை விலைச் சீட்டு எடுத்துக்கொண்டது.

பணம் வாங்க ஆகும் பணம்

சிறிய கடையில் பாட்டு எழுபது பைசாவுக்கு விற்கிறதா ஏழு ரூபாய்க்கு விற்கிறதா என்பதை இசை தீர்மானிப்பதில்லை. பணம் வந்து சேரும் குழாய்க்கு என்ன கட்டணம் என்பதுதான் தீர்மானிக்கிறது. பேபால் அமெரிக்காவில் நெடுங்காலம் வசூலித்த வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் அதன்மேல் 30 சென்டும். 99 சென்ட் விற்பனையில் 33 சென்ட் அங்கேயே போய்விடும். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பினால் இன்னும் அதிகம். ஆப்பிள் போன்ற பெரிய கடை, ஒருவர் வாங்கும் பல பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவையில் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். எங்களிடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவரிடம் எதைச் சேர்ப்பது?

இதற்கான விடையை எங்களுக்கு முன்பே ஒரு கடை கண்டுபிடித்திருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் பக்மன் 2003-இல் தொடங்கிய மேக்னட்யூன், பாட்டாக விற்காமல் ஆல்பமாக விற்றது. விலையை வாங்குகிறவரே 5 டாலருக்கும் 18 டாலருக்கும் இடையில் தேர்ந்துகொள்ளலாம். 8 டாலர் என்று அவர்களாக ஒரு யோசனை சொல்வார்கள். வந்ததில் பாதி கலைஞருக்கு. வாங்குவதற்கு முன்பே முழு ஆல்பத்தையும் இலவசமாகக் கேட்டுவிடலாம், வாங்கிய பிறகு மூன்று நண்பர்களுக்குப் பிரதி கொடுக்கலாம். இந்தத் தாராளத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கோ அதன் அடியில் இருந்த எண் சாஸ்திரம்தான் பிடித்துப்போயிற்று: 8 டாலர் விற்பனையில் கட்டணம் 53 சென்ட், அதாவது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. முழுமையாக விற்றால்தான் தாராளமாக இருக்க முடியும்.

உள்நாட்டுக் கதை இன்னும் விசித்திரமானது. 2009-இல் ரிசர்வ் வங்கி, இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தும்போது கூடுதலாக ஒரு கடவுச்சொல் தேவை என்று விதித்தது. பத்தாயிரம் ரூபாய் விமானச் சீட்டுக்கு அது பாதுகாப்பு. பத்து ரூபாய்ப் பாட்டுக்கு அது வாசலில் வைத்த பாறாங்கல். ஃப்ளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃப்ளைட் என்ற பெயரில் எம்பி3 கடை திறந்து, 6 ரூபாயிலிருந்து பாட்டு விற்றது. 2013 ஜூனில் மூடிவிட்டது. திருட்டுப் பிரதியும், சிறு தொகையை எளிதாகச் செலுத்த வழியில்லாததும் தீராதவரை இந்தத் தொழில் இந்தியாவில் பெரிதாக வளராது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பெரிய கடை மூடினால் சிறிய கடைக்காரனுக்குப் பயம் வர வேண்டும். எனக்கு ஒருவிதத் தெளிவுதான் வந்தது, ஏனென்றால் வளர வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லை. பிறகு 2016-இல் யுபிஐ வந்தது; 2020 ஜனவரி முதல் அதில் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதும் நின்றது. தேநீருக்குப் பத்து ரூபாயைக் கட்டணமே இல்லாமல் அனுப்புகிற நாடாகிவிட்டோம். அந்த வசதி வந்து சேர்ந்தபோது, பத்து ரூபாய் கொடுத்துப் பாட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் ஊரில் மிச்சமில்லை.

ஐரோப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தரவிறக்கக் கோப்பு விற்பவர், வாங்குகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு வரியை 2003 ஜூலையிலிருந்தே கட்ட வேண்டும்; 2015 ஜனவரியில் அந்த விதி ஒன்றியத்துக்குள் இருக்கும் கடைகளுக்கும் வந்தது. ஒரு கச்சேரி விற்றாலும் இன்னொரு கண்டத்தில் வரிப்பதிவு. அப்போது லண்டனும் அந்தக் கணக்கில் இருந்தது. லண்டன் ரசிகர்கள் சிலர் மார்கழியில் சென்னைக்கு வரும்போது பென் டிரைவோடு நேரில் வந்து வாங்கிப் போனார்கள், காபியும் குடித்தார்கள்.

தனியை மட்டும் தர முடியுமா?

இப்படியாக நாங்களும் முழுக் கச்சேரியாக மட்டுமே விற்பது என்று மாறினோம். விலை 200 ரூபாய், வெளிநாட்டுக்கு 6 டாலர். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மிருதங்கம் கற்கும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதினார். குறிப்பிட்ட ஒரு கச்சேரியில் மிஸ்ர சாபு தாளத்தில் வாசித்த தனி ஆவர்த்தனம் மட்டும் தனக்கு வேண்டும், பதினான்கு நிமிடம்தான், 200 ரூபாய் கையில் இல்லை, 20 ரூபாய் தர முடியும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். என் நண்பருக்கு அது இரண்டு நிமிட வேலை. வெட்டி எடுத்து அனுப்பப் போனவர், கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்டார்.

அங்கேதான் நின்றுவிட்டோம். எங்கள் ஒப்பந்தப்படி விற்பனையில் பாதி கடைக்கு, பாதி கலைஞருக்கு. கலைஞர் என்றால் கையெழுத்துப் போட்ட பாடகர். பக்கவாத்தியக்காரர்களுக்குப் பதிவு நாளன்றே ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவது இந்தத் துறையில் வழிவழியாக வந்த நடைமுறை, நாங்களும் அதையே கடைப்பிடித்தோம். அதன்படி இந்த 20 ரூபாயில் 10 ரூபாய் பாடகருக்கு. அந்தப் பதினான்கு நிமிடத்தில் பாடகர் செய்தது தாளம் போட்டதும், நல்ல இடங்களில் தலையசைத்ததும்தான். வாசித்த வித்வானுக்கு ஒன்றும் இல்லை. முழுக் கச்சேரியாக விற்றபோது இந்த ஏற்பாடு யார் கண்ணையும் உறுத்தவில்லை; ஒரு துண்டை வெட்டி வெளியே வைத்ததும் அதை மறைக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

சட்டம் இந்த விஷயத்தில் வழக்கத்தைவிட முன்னால் போயிருந்தது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், 38ஏ பிரிவின் மூலம், நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது அதில் பங்கேற்ற கலைஞருக்கு உரிமத்தொகை உண்டு என்கிறது. அந்தச் சட்டத்தின் பார்வையில் கஞ்சிரா வாசிக்கிறவரும் கலைஞர்தான். சாகித்தியங்களின் கணக்கு ஒப்பீட்டில் எளிது. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கிருதிகளுக்கு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு, மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற விதிப்படி, 2033 முடியும்வரை உரிமை உண்டு. பட்டியலில் அவர் பாட்டு வந்தால் ஒரு கட்டத்தில் டிக் அடிப்போம், அவ்வளவுதான். மேடையில் உயிரோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதற்குத்தான் கட்டம் இல்லை.

பாடகரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தனியை வித்தா அது அவரோட காசு, எனக்கு எதுக்கு? அவரையே போய்க் கேளுங்க" என்றார். மேற்கு மாம்பலத்தில் மிருதங்க வித்வான் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காசு வரப்போகிற செய்தி என்ற நினைப்பில்தான் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, வெட்டக் கூடாது என்றார்.

"தனிக்கு முன்னாடி அந்தப் பாட்டுக்கு நான் என்ன வாசிச்சேன்னு கேட்காம, தனியை மட்டும் வெச்சுக்கிட்டு அந்தப் பையன் என்ன பண்ணுவான்?" என்று தொடங்கினார். பிறகு தொடையில் தாளம் போட்டுக்கொண்டே விளக்கினார். அந்தக் கீர்த்தனையின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து தள்ளியிருந்தது. நிரவலில் பாடகர் பிடித்துக்கொண்ட ஒரு நடையைத்தான் அவர் தனியின் முதல் பகுதியில் எடுத்து வளர்த்திருந்தார். குறைப்பு, மோரா என்ற கட்டங்கள் எல்லாம் தாண்டி, தனியை முடித்துவைக்கும் கோர்வை மூன்றாவது முறை முடிகிற புள்ளியில் பாடகர் கீர்த்தனையின் பல்லவியை எடுக்கிறார். "பதினாலு நிமிஷமும் அந்த இடத்துக்குத்தான்ப்பா போகுது. அங்கே பாட்டு வரலேன்னா நான் யாருக்காக முடிச்சேன்?" என்றார். நான் எழுந்திருக்கும்போது, "காசைப் பத்தி இன்னிக்கு வேண்டாம். ஆனா கட்டாயம் பேசுவோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

எப்படி வெட்டுவது, யாருக்கு எவ்வளவு என்ற என் பழைய கேள்வியின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. வெட்டினால்தான் யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாகத் தெரிகிறது. வெட்டினால் அந்த வாசிப்பு எதற்காக வாசிக்கப்பட்டதோ அது போய்விடுகிறது. நியாயமான பங்கு வேண்டுமென்றால் அளக்க வேண்டும், அளப்பதற்குத் துண்டு வேண்டும். துண்டாக்க மாட்டேன் என்று சொன்னவரோ, அளந்தால் யாருக்கு லாபமோ அவரே.

யாருக்கு எவ்வளவு

கடைசியில் இப்படி வைத்தோம். முழுக் கச்சேரியாக வாங்கினால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். உருப்படியாக வாங்கினால் நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய், ஆனால் முப்பது ரூபாய்க்குக் கீழே எதுவும் இல்லை. மெயின் என்றால் ஆலாபனையிலிருந்து தனி முடிந்து பல்லவி திரும்பும்வரை ஒரே கோப்பு. தஞ்சாவூர் மாணவர் 54 நிமிட மெயினை 81 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் தனியை மட்டும் தானே வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சாதகம் செய்வதாக நன்றி சொல்லி எழுதினார். எங்கள் கோப்புகளில் பூட்டு எதுவும் கிடையாது, எனவே அது அவர் விருப்பம். வித்வானிடம் இதைச் சொன்னபோது, "அவன் வெட்டினா சாதகம், நீ வெட்டினா வியாபாரம்" என்றார். அந்த மாணவரின் தேவையும் உண்மையானதுதானே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. இருபது ரூபாய்க்கு மேல் இல்லாத இன்னொரு மாணவருக்கு எங்கள் விலைப்பட்டியலில் இடம் இல்லை.

பங்கைப் பிரிக்க, யார் எத்தனை நிமிடம் வாசித்தார் என்று எண்ணிப் பார்க்கலாம் என்பது என் நண்பரின் முதல் யோசனை. ஒரு மாலை முழுவதும் அதை வைத்து அட்டவணை போட்டோம். ஆலாபனையில் மிருதங்கம் பேசாமல் இருக்கிறது, வயலின் நிழல்போல் தொடர்கிறது, அதைப் பாதி நிமிடம் என்று எழுதுவதா என்ற இடத்தில் அட்டவணை நகைச்சுவையாகிவிட்டது. ஆகவே கலைஞர்களின் பாதியை நூறாகக் கொண்டு, பாடுகிறவருக்கு 50, வயலினுக்கு 20, மிருதங்கத்துக்கு 20, கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் 10 என்று முடிவு செய்தோம். உபபக்கவாத்தியம் இல்லாத கச்சேரியில் அந்தப் பத்தை வயலினும் மிருதங்கமும் பிரித்துக்கொள்ளும். பதிவு நாள் தொகை அப்படியே தொடர்கிறது, இது அதற்கு மேல்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. மூத்த பாடகர் ஒருவர் அதன்பின் எங்களுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். அவர் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. சபாவோடு பேசி, பக்கவாத்தியக்காரர்களுக்கு நல்ல தொகை வாங்கிக் கொடுப்பதைத் தன் பொறுப்பாகவே வைத்திருந்தவர் அவர். அந்த உறவுக்குள் கடைக்காரன் சதவீதத்தோடு நுழைவது அவருக்குப் பிடிக்கவில்லை. வயலின்காரர் ஒருவருக்கோ நாங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் தொகை வேடிக்கையாக இருந்தது, சில காலாண்டுகளில் அது அவர் சபாவுக்குப் போகும் ஆட்டோவுக்கே பற்றாது. ஆனாலும் கணக்குத் தாளை வாங்கி வைத்துக்கொள்கிறார். எந்தக் கச்சேரி எந்த ஊரில் விற்றது என்பதைப் பார்க்கப் பிடிக்கும் என்பார்.

முப்பது விநாடி

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவாகி, 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்ற ஸ்ட்ரீமிங் சேவை இந்தியாவுக்கு வந்த பிறகு எங்கள் உள்நாட்டு விற்பனை என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அலகைப் பற்றி. அங்கே ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு என்று எண்ணித்தான் காசு. ஐம்பது நிமிடத் தோடியை உருகி உருகிக் கேட்டாலும் ஒரு கேட்புதான், திருப்புகழில் முதல் அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தாண்டினாலும் ஒரு கேட்புதான். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்பு தேறாத பாட்டுக்கு அவர்கள் காசு தருவதும் இல்லை. 99 சென்ட் விலையில் இருந்த அதே கோணல், இன்னும் சிறிய எண்ணில், இன்னும் பெரிய அளவில் திரும்பியிருக்கிறது. கலைஞர்களே இசையை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் 15 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு, முழு ஆல்பமாகத்தான் விற்பேன் என்று கலைஞரே சொல்ல முடியும். ஆனால் அந்த நிறுவனமும் 2022-இல் ஒரு கைக்கும் 2023-இல் இன்னொரு கைக்கும் மாறி, இரண்டாவது மாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை இழந்தது. அதை நம்பிக் கடையைச் சுருட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

சென்ற சீசனில் நாங்கள் பதிவு செய்த ஓர் இளம் பாடகி, அந்தக் கச்சேரியை ஸ்ட்ரீமிங்கிலும் ஏற்றலாம் என்றார். மெயினை ராகம், வயலின் ராகம், கீர்த்தனை, நிரவலும் ஸ்வரமும், தனி என்று ஐந்தாகப் பிரித்தால் ஒரு கேட்புக்குப் பதில் ஐந்து கிடைக்கும் என்பது அவர் வாதம். கணக்கில் பிழை இல்லை. குறுந்தகடுகளிலும் இப்படித் தடம் பிரித்திருந்தார்களே என்றும் கேட்டார். பிரித்திருந்தார்கள், ஆனால் தட்டு ஒன்றாகவே இருந்தது, கையை வைக்காமல் விட்டால் ஸ்வரம் முடிந்து தனி வரும், தனி முடிந்து பல்லவி வரும். இப்போது தடம் கழன்று தனியாகத் திரிகிறது. ஒருவருடைய தனிக்குப் பின்னால் வேறொருவருடைய தில்லானாவை எந்திரம் கோத்துவிடும், மூன்று முறை வாசித்து முடித்த கோர்வைக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆலாபனையைத் தனியாகப் பிரிக்க எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவருக்கு எழுதினேன். பாடகியின் ராகமும் வயலின் ராகமும் சேர்ந்து ஒரு கோப்பு, அது தன்னளவில் நிற்கும். கீர்த்தனையிலிருந்து பல்லவி திரும்பும்வரை இன்னொரு கோப்பு, அதைத் தொடுவதற்கில்லை. ஐந்து கேட்டவருக்கு இரண்டு. எப்படியும் ஆயிரத்தைத் தொடப்போவதில்லை, அதற்காக ஏன் இவ்வளவு யோசனை என்று பதில் வந்தது. மிருதங்கக்காரரைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். அவருக்கு இருபது சதவீதம் என்பதையும் சேர்த்தே சொல்லும்படி பதில் போட்டிருக்கிறேன்.